ஏரிக்கரைப் பூங்காவின் எட்டு நடை

நான் பயந்தாங்கொள்ளி என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன், மழை கொஞ்சம் சேர்ந்தாற்போலப் பெய்தால் ஏரி உடைந்துவிடும் என்று தையல் மிஷினைத் தூக்கிக் கட்டில்மேல் வைப்பேன், வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வரத் தாமதமானால் ஜிஎஸ்டி ரோட்டில் எந்த லாரியோ என்று வாசலிலேயே நிற்பேன். ஆனால் பேய்க்கு மட்டும் நான் பயந்ததே கிடையாது. உயிரோடு இருப்பவற்றுக்குப் பயப்படவே எனக்குப் பொழுது போதவில்லை. ஏழாவதோடு நின்றவள், எதையோ பார்த்து மிரண்டிருப்பாள் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள், நான் நடந்ததைச் சொல்கிறேன்.

தாம்பரத்துக்கு உள்ளே தள்ளி, ஏரியை ஒட்டிய காலனி எங்களுடையது. ஏரிக்கரையில் ஒரு பூங்கா உண்டு. ஊஞ்சல், சறுக்குமரம், கைகால் ஆட்டுகிற இரும்புச் சாமான்கள், அப்புறம் ஒரு ஓரத்தில் கூழாங்கல் பதித்து எட்டு போல வளைத்துப் போட்ட பாதை. சர்க்கரைக்கு நல்லது என்று செருப்பைக் கழற்றிவிட்டு அதில் வெறுங்காலில் சுற்றிச்சுற்றி நடப்பார்கள். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. எல்லோரும் ஒரே போக்கில்தான் நடக்க வேண்டும், நடுவில் பாதை குறுக்கே வெட்டும் இடத்தில் எதிர் வளையத்திலிருந்து ஆள் வந்தால் நின்று வழிவிட வேண்டும், ஆரம்பித்த சுற்றைப் பாதியில் விட்டு வெளியேறக் கூடாது. விட்டால் பலன் போய்விடுமாம். யார் சொன்னார்களோ, ஆனால் எல்லோரும் அப்படித்தான்.

என் வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. போன வருஷம் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவரை அந்தப் பூங்காவுக்குத் துரத்துவதே எனக்குப் பெரும்பாடு. கால் வலி என்பார், தூறல் என்பார், டிவியில் மேட்ச் என்பார். நானும் கூடப் போனால்தான் நடப்பார். தீபாவளிக்கு பிளவுஸ் தையல் குவிந்ததால் நான் போகாமல் நின்றுவிட்டேன். அப்போதுதான் மனுஷர் மாறினார். சாயங்காலம் டீ குடித்த டம்ளரைக் கீழே வைத்த கையோடு கிளம்பிவிடுவார், முகம் கழுவி, பவுடர் போட்டு. நானும் வரட்டுமா என்றால், "வேணாம் வேணாம், நீ தைச்சிட்டிரு" என்பார்.

பக்கத்து வீட்டு கிரேஸ் அக்கா டீச்சர், வாய் சும்மா இருக்காது. "ஏன் செல்வி, உங்க வீட்டுக்காரர் வாக்கிங் போறாரா, பொண்ணு பார்க்கப் போறாரா? பவுடர் வாசனை எங்க ஹால் வரைக்கும் வருது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. வீட்டுக்காரர் குளிக்கும்போது அவர் போனை எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள், அவர் கிளம்பிக் கொஞ்சம் பொறுத்து நானும் கிளம்பினேன். விளக்குப் போடுகிற நேரம் இன்னும் வரவில்லை, நல்ல வெளிச்சம். கேட்டில் இருந்த வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, இன்னிக்கு லேட்டு? சார் அப்பவே உள்ள போய்ட்டாரு. டெய்லி ரெண்டு பேரும் ஜோடியாத்தான வருவீங்க" என்றார்.

நான் அந்தப் பக்கம் வந்தே எத்தனையோ வாரம் ஆகிறது. ஆக, எவளோ ஒருத்தியோடு தினமும் வருகிறார், இந்த ஆள் அவளை நான் என்று நினைத்திருக்கிறான், அப்படித்தான் என் புத்தி போனது. வேறு எப்படிப் போகும், சொல்லுங்கள்.

வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எட்டுப் பாதையில் அவர் மட்டும்தான் நடந்துகொண்டிருந்தார். நம்பினால் நம்புங்கள், ஒவ்வொரு முறை நடுவுக்கு வரும்போதும் நின்றார், யாரோ கடந்து போவதுபோல ஒதுங்கினார், அப்புறம் நடந்தார். பஸ்ஸுக்கே வழிவிடாத மனுஷர் அவர். ஏதோ பேசினார், சிரித்தார். காதில் போன் மாட்டியிருக்கிறாரோ என்று உற்றுப் பார்த்தேன், இல்லை. அவர் செருப்புக்குப் பக்கத்தில் வேறு செருப்பும் இல்லை.

அப்புறம்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். சுற்றைப் பாதியில் விட்டுவிட்டு, நடுவிலிருந்து நேராக ஏரிப் பக்கம் திரும்பி நடந்தார். அங்கே மழையில் கம்பிவேலி சாய்ந்து ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர்தான், கரை முட்ட நின்றது. அவர் ஏதோ வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல அதை நோக்கிப் போனார்.

எவள் கூட வந்தாள் என்பதெல்லாம் அந்த நொடியில் போயே போய்விட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டுப் பாதைக்கு நடுவே எதிர்ப்போக்கில் விழுந்தடித்து ஓடினேன். நடுவில் என் தோளில் எதுவோ இடித்தது. அங்கே யாரும் இல்லை. ஈரத்துணி காயப்போட்ட கொடியில் மோதினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சில்லிப்பு. நான் நிற்கவில்லை. வேலியருகே அவர் கையைப் பிடித்து இழுத்தபோது அவர் கணுக்கால் வரை தண்ணீரில் நின்றார்.

"ஏங்க, எங்க போறீங்க!" என்று கத்தினேன்.

"கத்தாத. தண்ணியெல்லாம் வடிஞ்சிருச்சு, உள்ள இதைவிடப் பெரிய எட்டு ஒண்ணு போட்டிருக்காங்களாம், அந்தம்மா காட்டறேன்னாங்க" என்றார்.

"எந்தம்மா?"

"முன்னாடி போறாங்களே, தெரியல?"

முன்னால் ஏரிதான் இருந்தது. அவர் சொல்லிக்கொண்டே கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தண்ணீர் தெரிந்தது. தெரிந்ததும் என் கையை அவர் பிடித்த பிடி இருக்கிறதே, வளையல் உடைந்துவிட்டது.

அன்று ராத்திரியே காய்ச்சல். காய்ச்சல் விட்ட பிறகு, கஞ்சி குடிக்கும்போது, மெதுவாகக் கேட்டேன். அப்போது எனக்குக் கோபம் இல்லை, ஆனால் சந்தேகம் அப்படியேதான் இருந்தது.

"யாருங்க அது? எப்படி இருப்பா?"

"பச்சைப் புடவை. கொண்டை போட்டிருப்பாங்க. நல்லாப் பேசுவாங்க, செல்வி, உன்ன மாதிரிப் பயமுறுத்த மாட்டாங்க."

"முகம்?"

சொல்ல வந்தவர் கஞ்சியை ஸ்பூனால் கலக்கினார். "முகம் பாத்ததில்ல. எப்பவும் முதுகுதான்" என்றார்.

அது எப்படி? எட்டில் நடப்பவர்கள் நடுவில் எதிரும் புதிருமாக வந்தே ஆக வேண்டும், வந்ததால்தானே இவர் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்? இதை நான் சொன்னதும் அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நீ என் கையப் புடிச்சப்போ மட்டும் திரும்பிப் பாத்தாங்க" என்றார்.

"பாத்தாளா? எப்படி இருந்தா?"

கஞ்சியை அப்படியே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார், என்னைப் பார்த்து இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், சொல்லவில்லை. கிரேஸ் அக்கா வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். "சர்க்கரை ஏறினா மனுஷங்க இல்லாததப் பார்ப்பாங்க செல்வி, டாக்டர்கிட்ட கேளு" என்றும் சொன்னார். டாக்டரிடமும் கேட்டோம், மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இப்போது அவர் பூங்காவுக்குப் போவதில்லை, மொட்டை மாடியில் நேராகப் போய் நேராகத் திரும்புகிறார், சர்க்கரையும் குறைந்திருக்கிறது.

போன வாரம் லைனிங் துணி வாங்க குரோம்பேட்டை போயிருந்தேன். திரும்பி வந்து கிரில் கேட்டில் நின்று கூப்பிட்டேன். அவர் சாவியோடு வந்தார், என் முகத்தை நன்றாகப் பார்த்தார், ஆனால் பூட்டைத் திறக்கவில்லை.

"செல்வி, கொஞ்சம் திரும்பி நில்லு" என்றார்.

பைகளோடு தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றேன். என் முதுகை அவர் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குத் தெரிந்தது. அப்புறம்தான் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

இப்போது ஒவ்வொரு முறையும் அப்படித்தான். முகத்தைப் பார்த்தால் போதாதா என்று நான் கேட்கவில்லை. சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.