வெளியூர் மட்ச்

ஜேர்மனியில் பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், ஞாயிறு காலை. லண்டனிலிருந்து சொந்தக்காரரைப் பார்க்க வந்த நான் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிரே உள்ளூர் உதைபந்தாட்டக் குழு ஒரு வான் வண்டியில் ஏறுகிறது. பந்துப் பையை உள்ளே தூக்கிக் கொடுத்துவிட்டு ஒருவர் மட்டும் கீழே நிற்கிறார். நம்மவர். நாற்பது வயதிருக்கும். குழுவின் சட்டை, சப்பாத்து எல்லாம் போட்டிருக்கிறார். வான் போய்விடுகிறது.

"நீங்கள் ஏறேல்லையோ, அண்ணை?"

"ஏலாது. மட்ச் பக்கத்து மாவட்டத்திலை. அகதியாய் ஏற்கச் சொல்லிக் குடுத்த அன்ட்ராக்குக்கு முடிவு வருமட்டும் நாங்கள் மாவட்டம் தாண்டக் கூடாது."

என் பெயரை அவர் கேட்கவில்லை. "தம்பி எந்தக் கொலீஜ்?" என்கிறார். ஊரில் நான் படித்த பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன். அவர் முகம் மலர்கிறது.

"உங்கடை கொலீஜுக்கு ஒரே மட்சிலை மூண்டு கோல் அடிச்சனான்!"

அப்போது நான் பிறந்திருந்தேனோ தெரியாது. ஆனாலும் தோற்றவன்போல் தலை குனிகிறேன். அவருடைய காற்சட்டைப் பையிலிருந்து அந்த மட்சைப் பற்றிய ஒரு பத்திரிகை நறுக்கின் பிரதி வெளியே வருகிறது. படத்தில் மடிப்பு விழுந்து தலை அழிந்துவிட்டது, கால் மட்டும் தெளிவு. அசலை அகதி விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறாராம்.

"மூண்டு மணித்தியாலம் விசாரிச்சவங்கள். எந்தக் கொலீஜ் எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை. இதெல்லாம் ஒரு விசாரணையே?"

என் பஸ் வந்துவிடுகிறது. படியில் கால் வைத்தபடி, இங்கே ஆட்டம் எப்படிப் போகிறது என்று கேட்கிறேன்.

"உள்ளூரிலை அப்பிடி இப்பிடித்தான்," என்கிறார், நறுக்கை மடித்தபடி. "வெளியூர் மட்சிலை இண்டுவரைக்கும் நான் தோக்கேல்லை."