சித்தப்பா முடிக்காத ஜெபம்

சித்தப்பாவைப் புதைச்சு ஒரு மாசம் ஆயிடுச்சு. போன ஞாயித்துக்கிழமை வீட்ல நினைவு ஜெபக் கூட்டம் வச்சோம். நீலசந்திராவுல எங்க வீடு ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, அவ்ளோதான். வந்தவங்கள்ல பாதி பேரு படிக்கட்டுலதான் உக்காந்தாங்க. பாட்டு பாடி, ஜெபம் பண்ணி, எல்லாம் முடிஞ்சு டீ குடிக்கும்போது சர்ச்சுல இருந்து வந்த ஆன்ட்டி ஒருத்தங்க சொன்னாங்க, "தங்கமான பையன். இச்சையடக்கம்தான் இல்ல."

சுத்தி இருந்தவங்க எல்லாம் தலையாட்டினாங்க. எங்க அப்பாவும் தலையாட்டினாரு. நான் டீ தட்டைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயேதான் நின்னேன். ஒம்பதாவதோட படிப்பை விட்டுட்டு கார்மெண்ட்ஸுக்குப் போனவ நான், பெரியவங்க நடுவுல எனக்குப் பேச வராது. ஆனா அன்னிக்கு ராத்திரி பூரா அந்தப் பேச்சு காதுலயே இருந்துச்சு. இச்சையடக்கம் இல்லாத மனுஷனை நான் பாத்திருக்கேன். அதைக் கேட்டுக் கேட்டு ஜெபம் பண்ணின மனுஷனையும் பாத்திருக்கேன். ரெண்டும் ஒரே ஆளுதான்.

எனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும். ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாள் லெந்து காலம் வந்துட்டா எங்க வீட்ல ஒவ்வொருத்தரும் ஒண்ணை விடணும். அப்பா கறியை விடுவாரு. அம்மா சீரியலை விடுவாங்க. டிவியை அணைச்சுட்டு, செவுத்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டிவி சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வெங்காயம் உரிப்பாங்க. கதை ஒண்ணும் விட்டுப்போகாது. நான் சாக்லேட்டை விட்டேன். தேங்கா மிட்டாய் சாக்லேட்டுல சேராதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். சித்தப்பா குடியை விடுவாரு.

சித்தப்பா எங்க அப்பாவோட தம்பி. பீன்யாவுல ஒரு கம்பெனியில லேத் ஓட்டிக்கிட்டிருந்தாரு. அவரு குடிக்கிறது தாங்காம சித்தி கே.ஜி.எஃப்.ல அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. அப்புறம் எங்களோடதான் இருந்தாரு. குடிச்சா சத்தம் போட மாட்டாரு, யாரையும் அடிக்க மாட்டாரு. படிக்கட்டுல உக்காந்து அழுவாரு. மறுநாள் வேலைக்குப் போக மாட்டாரு. அடுத்த நாளும் போக மாட்டாரு. அப்பா திட்டுவாரு. சித்தப்பா தலையைக் குனிஞ்சு கேட்டுக்குவாரு. அண்ணன் பேச்சுக்கு எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பாத்ததே இல்ல.

லெந்துல மட்டும் அவரு வேற ஆளு. பீன்யாவுல இருந்து வந்து சிவாஜிநகர்ல இறங்கி, எங்க ஏரியா பஸ்ஸுக்கு நிக்கணும். அவரு எப்பவும் போற பார் அந்த ஸ்டாப்புக்கு எதிர்லயே இருந்துச்சு. அதனால இறங்கின உடனே அம்மாவுக்கு போன் போட்டுடுவாரு.

"அண்ணி, இறங்கிட்டேன். பேசுங்க."

"என்னத்த பேச? சப்பாத்தி போட்டுட்டிருக்கேன்."

"எத்தனை போட்டீங்க? எனக்கு என்ன குழம்பு?"

அம்மா போனை தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு குழம்பு கதை சொல்லுவாங்க. பேச்சு தீர்ந்துபோச்சுன்னா என் கையில குடுத்துடுவாங்க. நான் ஸ்கூல்ல யாரு யாரை அடிச்சாங்கன்னு எல்லாம் சொல்லுவேன். பின்னாடி ஆட்டோ ஹாரன், கண்டக்டர் கன்னடத்துல கத்துறது எல்லாம் கேக்கும். "வச்சிடாத பாப்பா, பஸ் வரட்டும்"னு சொல்லுவாரு. எங்க சித்தப்பாவுக்கு என்மேல எவ்ளோ பாசம்னு பள்ளிக்கூடத்துல பெருமையா சொல்லிக்கிட்டேன்.

ராத்திரி சோத்துக்கு முன்னாடி குடும்ப ஜெபம். எல்லாரும் வரிசையா ஜெபம் பண்ணணும். அம்மா ஆரம்பிச்சா ஊர்ல இருக்குற சீக்காளி ஒருத்தரையும் விட மாட்டாங்க. நானும் தம்பியும் "எங்களுக்கு இச்சையடக்கம் தாங்க ஆண்டவரே"ன்னு ஒப்பிப்போம். அப்படின்னா என்னன்னு தெரியாது. ஏதோ பரீட்சையில பாஸ் பண்ற மாதிரின்னு நினைச்சிருந்தேன். சித்தப்பா முறை வந்தாதான் எங்களுக்கு சந்தோஷம், ஏன்னா சட்டுனு முடிஞ்சுடும். "ஆண்டவரே, இன்னிக்குத் தாண்டிட்டேன். நாளைக்கும் கூட வாங்க. ஆமென்." சோறு வந்துடும்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு அன்னிக்கு சித்தப்பா சித்திக்கு போன் பண்ணினாரு. எங்க வீட்ல ரகசியம் பேச இடம் ஏது? சித்தி சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு. "லெந்துல எல்லாருந்தான் ஒழுங்கா இருப்பாங்க. ஈஸ்டர் கழிச்சு எப்படி இருக்கீங்கன்னு பாக்கறேன். நல்லா இருந்தீங்கன்னா நானே வர்றேன்."

"ஈஸ்டர் கழிச்சா? சரிம்மா. சரி."

எனக்கும் தம்பிக்கும் ஒரே குஷி. சித்தி வந்தா கே.ஜி.எஃப்.ல இருந்து முறுக்கு வரும்.

ஈஸ்டர் அன்னிக்கு விடியக்காலை ஆராதனை. இருட்டுலயே எழுந்து, வெள்ளை கவுன் போட்டுக்கிட்டு, எல்லாரும் நடந்தே போனோம். சித்தப்பா வெள்ளைச் சட்டையில அழகா இருந்தாரு. கன்னத்துல கொஞ்சம் சதை போட்டிருந்துச்சு. சர்ச் வாசல்ல பாத்தவங்க எல்லாம் அவரு கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. வீட்டுக்கு வந்ததும் அம்மா பிரியாணிக்கு அடுப்பு பத்த வச்சாங்க. அம்மாவோட அண்ணன், எங்க மாமா, சிவாஜிநகர்ல இருந்து கறியும் வாங்கிட்டு, பேப்பர்ல சுத்தி ஒரு பாட்டிலும் எடுத்துட்டு வந்தாரு. அவருக்குத் தெரிஞ்ச மிலிட்டரிக்காரர் ஒருத்தர் கேன்டீன்ல இருந்து எடுத்துக் குடுத்த ரம்.

"என்ன மாப்ள, மூஞ்சி மினுமினுன்னு இருக்கு! பொண்ணு பாக்கப் போறியா?"ன்னு சித்தப்பா முதுகுல தட்டினாரு மாமா.

"அதெல்லாம் இல்ல மாமா."

"நாப்பது நாள் தொடல மச்சான் இவன்," அப்பா சொன்னாரு. அப்பா முகத்துல அப்படி ஒரு பெருமையை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. "நானே நம்பல. கட்டுப்பாடு வந்துடுச்சு இவனுக்கு."

"அப்படின்னா இன்னிக்கு ஒண்ணு போடலாம். கட்டுப்பாடு இருக்கிறவனுக்கு ஒரு கிளாஸ் என்ன பண்ணப் போவுது?"

சமையல்கட்டுல இருந்து அம்மா, "அவருக்கு வேணாண்ணா"ன்னாங்க.

"பண்டிகைம்மா. வருஷத்துக்கு ஒரு ஈஸ்டர்."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிட்டாங்க. அப்பா சித்தப்பாவுக்குத் தன் கையால ஊத்தினாரு. எத்தனையோ வருஷமா விரலை ஆட்டித் திட்டின கை அது. அன்னிக்குப் பாசத்தோட நீட்டுச்சு. சித்தப்பா கிளாஸை வாங்கல. "வேணாம்ணா. வெறும் வயிறு."

"சரி, சாப்பாட்டோட எடுத்துக்கோ." அப்பா கிளாஸை சித்தப்பா தட்டுக்குப் பக்கத்துல வச்சாரு. "ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிக்கலாம். இன்னிக்கு என் தம்பி ஜெபம் பண்ணட்டும். அவன்தான் நல்லா லெந்து இருந்தவன்."

எல்லாரும் பாயில உக்காந்தோம். நடுவுல பிரியாணி அண்டா, மூடி திறந்து ஆவி பறக்குது. நான் அந்த வாசனையை முழுங்கிக்கிட்டே கண்ணை மூடினேன். சித்தப்பா ஜெபம்தானே, இதோ முடிஞ்சுடும்.

முடியல. பிரியாணிக்கு நன்றி சொன்னாரு. அதை ஆக்கின அண்ணியோட கைக்கு நன்றி சொன்னாரு. பெயிண்ட் அடிக்கிற அண்ணன் சாரத்துல இருந்து விழாம இருக்கணும்னு கேட்டாரு. மாமாவுக்காக, மாமா கடைக்காக, அந்த மிலிட்டரிக்காரருக்காகக் கூட கேட்டாரு. பஸ் டிரைவர், கண்டக்டர், கம்பெனி சூப்பர்வைசர், மசாலா அரைச்சுக் குடுத்த பக்கத்து வீட்டு பாபி, ஒருத்தரையும் விடல. தம்பி அண்டாவுல விரலை விட்டுட்டான். அம்மா அவன் கையில அடிச்ச சத்தம் கேட்டுச்சு. மாமா செருமினாரு.

"பிரியாணி ஆறுதுடா," அப்பா மெதுவாச் சொன்னாரு.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு ஆண்டவரே," சித்தப்பா மறுபடி ஆரம்பிச்சாரு. "எனக்கு இச்சையடக்கம் தாங்க. லெந்து முடிஞ்சிடுச்சு. அதனால நீங்க போயிடாதீங்க. இன்னிக்குத் தாங்க. இப்பத் தாங்க. இப்ப மட்டும் தாங்க, போதும்." அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. குரல் இறங்கிக்கிட்டே போச்சு. நான் ஒரு கண்ணைத் திறந்து பாத்தேன். கோத்து வச்சிருந்த விரல் எல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. புதுச்சட்டை முதுகோட ஒட்டியிருந்துச்சு.

"சர்ச் ஐயரையே தோக்கடிச்சிடுவான் போல," மாமா கிசுகிசுத்தாரு. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எனக்கும் வந்துச்சு. அம்மா மட்டும் சிரிக்கல.

சித்தப்பா மூச்சு விட்டாரு. அடுத்ததை ஆரம்பிக்கறதுக்குள்ள நான் கத்திட்டேன், "ஆமென்!"

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க. "ஆமென், ஆமென்"னு மாமா சொன்னாரு, அப்பா சொன்னாரு, தம்பி ரெண்டு தடவை சொன்னான். அம்மா கரண்டியை எடுத்தாங்க. அப்பா தன்னோட கிளாஸைத் தூக்கினாரு.

சித்தப்பா உடனே கண்ணைத் திறக்கல. திறந்ததும் யாரையும் பாக்கல, என்னைத்தான் பாத்தாரு. கோவமே இல்ல. மெல்லமா சிரிச்சாரு.

"ரொம்ப பசிக்குதா பாப்பா?"

"ரொம்ப சித்தப்பா."

"சரி. சாப்பிடு."

அம்மா என் தட்டுல நல்ல கறியா பாத்து வச்சாங்க. நான் குனிஞ்சு அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், சித்தப்பா கிளாஸை எப்ப எடுத்தாருன்னு பாக்கல. இவ்ளோ சாப்பாட்டை முன்னாடி வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் ஏன் அவ்ளோ நேரம் கண்ணைத் திறக்காம இருப்பாருன்னு எனக்குப் புரியல. இயேசப்பாகிட்ட கேக்க அவருக்கு நிறைய இருக்குன்னு நினைச்சேன். பிரியாணி அன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு.