குழல்காரரின் பல்செட்

மேல்வரிசையில் மிச்சமிருந்த பற்களையும் பிடுங்கிப் பல்செட் வைத்த பிறகு குழல்காரருக்கு வயது குறைந்தது போல முகம் பளிச்சென்று ஆனது. குழலில் மட்டும் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை.

அவரிடம் ஐந்து மரக்குழல்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி உறை, உள்ளே துடைக்க மெல்லிய துணி, தவறாமல் எண்ணெய். ஈறு வீங்கிச் சீழ் வைத்தபோது உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க நேரமில்லாத மனுஷர், குழல்களுக்குச் சளி பிடிக்காமல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்.

பழியும் குழல் மேல்தான் விழுந்தது.

"மரம் ஈரத்துல ஊறிப்போச்சு" என்றார்.

அவர் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர். எத்தனையோ வாய்களில் பல்செட்டை மாட்டிக் கழற்றியவர். "அஞ்சும் ஒரே நாள்ல ஊறிப்போச்சாக்கும்? பல் டாக்டரைப் பாருங்க."

"உனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"மரத்தைப் பத்தித் தெரியாது. வாயைப் பத்தித் தெரியும்."

குழல்காரர் வாசிக்கும் குழுவுக்கு மனைவியின் தம்பிதான் தலைவர், மேளக்காரர். "மாமா, வெள்ளிக்கிழமை கச்சேரி. அதுக்குள்ள சத்தம் வரலேன்னா கிளாரினெட்காரரைக் கூப்பிட்டுருவேன். அப்புறம் அவரு உங்க இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டாரு, பார்த்துக்குங்க. அக்காகிட்ட சொல்லிடாதீங்க, என்னை உரிச்சிருவா."

குழல்காரர் தன் கறுப்புக் குழலை மரம் கடையும் கடைசல்காரரிடம் கொண்டுபோனார்.

"ஊதுற ஓட்டையைப் பெருசாக்கலாம் அண்ணே. பிடிக்கலேன்னா திரும்பச் சின்னதாக்க முடியாது."

"பெருசாக்கு."

முன்பு மெலிதாக வந்த காற்று இப்போது தாராளமாக வந்தது.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பல்செட்டைக் கழற்றிவிட்டு ஊதிப் பார்த்தார். பின்னால் தாங்கப் பல் இல்லாமல் உதடு உள்ளே விழுந்தது. வெளியே வந்தபோது மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார்.

"குழல் அஞ்சையும் எடுத்துக்கிட்டு வாங்க."

பல் டாக்டர் செட்டின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தேய்ப்பார். குழல்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊதுவார். டாக்டர் மறுபடி தேய்ப்பார். வெளியே கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர், "பாட்டு முடிஞ்சதும் என் பல்லையும் கொஞ்சம் பாருங்க டாக்டர்!" என்று குரல் கொடுத்தார்.

கடைசியில், ஓட்டை பெரிதான அந்தக் கறுப்புக் குழலில் மட்டும் சுரம் பிறந்தது. மற்ற நாலும் ஊமை.

"இப்ப இதை வெச்சு மெல்ல முடியாதே சார்" என்றார் டாக்டர். "மெல்றதுக்கு வேற செட் பண்ணணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகாது."

"மெல்லாட்டிப் போகுது" என்றார் குழல்காரர்.

வெள்ளிக்கிழமை நன்றாகவே வாசித்தார். கிளாரினெட்காரர் பார்வையாளராக வந்து முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியையும் மடியில் வைத்திருந்தார். அது கடைசிவரை திறக்கப்படவில்லை.

பிறகு விருந்து. எல்லாரும் வெளுத்துக் கட்டினார்கள். குழல்காரர் தட்டைத் தொடாமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அரங்கத்துக்காரர் அதைக் கவனித்து நெகிழ்ந்துபோனார்.

"பார்த்தீங்களா? வாசிப்புலேர்ந்து இன்னும் வெளியே வரலை. இவங்களுக்கெல்லாம் பசியே தெரியாது."

காலையிலிருந்து கொலைப்பசியில் இருந்தவர், கை கூப்பி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

மனைவி பின்னாலிருந்து தோளைத் தட்டினார். கையில் ஒரு டப்பாவும் கரண்டியும் இருந்தன.

"குழைய மசிச்சுக் கொண்டாந்திருக்கேன். திரைக்குப் பின்னாடி வாங்க, யாரும் பார்க்க மாட்டாங்க."