செல்வின் அண்ணனும் ஊதா மீனும்

செல்வின் அண்ணன் இறந்துவிட்டார்.

புனேயில் என் சைட்டுகளில் வேலை பார்த்த கார்பெண்டர் இன்று காலை போன் செய்து சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டாராம்... அடக்கமும் முடிந்துவிட்டது.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. புனேயில் கேம்ப் ஏரியாப் பக்கம் ஒரு சந்தில் மீன் தொட்டிக் கடை வைத்திருந்தார். தாத்தா காலத்தில் தூத்துக்குடியிலிருந்து ராணுவ வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் இந்தி, கோபம் வந்தால் மராத்தி. தமிழ் எழுத்து மட்டும் தெரியாது.

நான் கல்யாணமாகி 99-இல் புனே போனவள். இன்டீரியர் டிசைனர். அந்த வருடங்களில் ஆபீஸ் ரிசப்ஷன், பங்களா ஹால் எல்லாவற்றிலும் கடல்மீன் தொட்டி கேட்டார்கள். அதுவும் சுவருக்கும் சோபாவுக்கும் மேட்ச் ஆகிற மாதிரி.

முதல் தடவை அவர் கடைக்குப் பெயிண்ட் ஷேட் கார்டோடு போனேன். ஒவ்வொரு தொட்டிக் கண்ணாடியிலும் கார்டை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தபடி கேட்டார்: "தங்கச்சி, மீன் வாங்க வந்தியா, சேலைக்கு பிளவுஸ் பிட் எடுக்க வந்தியா?"

கேலி செய்தாரே தவிர கார்டை வாங்கி நிதானமாகப் பார்த்தார். பிம்ப்ரியில் ஒரு பல் டாக்டர் கிளினிக். வெள்ளைச் சுவர், ஆரஞ்சு நாற்காலிகள். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு கிளவுன் மீன் ஒரு ஜோடி எடுத்தார். பின்னால் வைக்க வெளிறிய பச்சையில் ஒரு கோரல், அதாவது பவளம்.

"கொஞ்சம் பச்ச இருந்தாத்தான் ஆரஞ்சு எடுத்துக் காட்டும், பாரு."

டிசைன் படித்தவள் நான். எனக்கு அது தோன்றவில்லை.

அதற்கப்புறம் என் எல்லா வேலைக்கும் அவர்தான். இரண்டு வருடம்...

பிறகு புனே பக்கத்துச் சாகணில் ஃபேக்டரி வைத்திருந்த ஒருவரின் பங்களா வந்தது. ஒரு சுவர் முழுக்க மஞ்சள், ஊதா சோபா. நாலடித் தொட்டி. மஞ்சள் டேங் மீன் ஒன்று ஏற்கெனவே விட்டிருந்தோம். தட்டு மாதிரி அகலமான மீன், எலுமிச்சை மஞ்சள். அதே இனத்தில் ஊதாவும் உண்டு. எனக்கு அது வேண்டும் என்றேன்.

"வேணாம் தங்கச்சி. ரெண்டும் ஒரே சாதி. மஞ்சளு முன்னாடி வந்துருச்சு, அது தன்னோட ஜகா, தன்னோட எடம்னு நெனைக்கும். இத்தனூண்டு தொட்டில அடிச்சே கொன்னுடும். ஊதா கலருக்கு நான் கோரல் வரவழைச்சுத் தர்றேன்."

"கோரல் தூரத்துலேர்ந்து தெரியாதுண்ணா. சனிக்கிழமை மேகசின்லேர்ந்து போட்டோ எடுக்க வர்றாங்க. எனக்கு மீன்தான் வேணும்."

பம்பாய்க்குப் போன் போட்டு ஊதா மீன் ஒன்றை வரவழைத்தார்.

போட்டோ அருமையாக வந்தது. ஐந்தாம் நாள் அந்த வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். நானும் அண்ணனும் ஓடினோம்.

ஊதா மீன் பாறைக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. துடுப்பெல்லாம் கிழிந்து நார் நாராக... அந்த இனத்துக்கு வாலடியில் பிளேடு மாதிரி ஒரு முள் இருக்கும். மஞ்சள் மீன் அப்போதும் அதைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பங்களாக்காரர் இந்தியில் கேட்டார். இரண்டையும் சேர்த்து விடச் சொன்னது யார்?

"கடைக்காரர்தான் சார். எனக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்" என்றேன்.

அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். தோள்வரை கை நனைந்திருந்தது. கையில் வலை, வலையில் அந்த மீன். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, "கல்த்தி ஹோ கயி சாப்" என்றார். தப்பு நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பங்களாக்காரரின் நண்பர்கள் வீட்டுத் தொட்டிகள் எல்லாம் ஒரே மாதத்தில் அண்ணன் கையைவிட்டுப் போயின. எனக்கு அதே ஆளிடம் இன்னும் இரண்டு வேலை கிடைத்தது.

மீன் செத்த அன்று பங்களா கேட்டில் பக்கெட்டை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தார். "வேற வழி தெரியலண்ணா" என்றேன்.

"பரவால்ல மேடம்."

அதுவரை தங்கச்சி. அதற்குப் பிறகு கடைசிவரை மேடம்தான்.

இன்னொரு நாள் மறக்க முடியவில்லை. கோடைக்காலம், நாள் முழுக்க கரண்ட் இல்லை. ஃபால்ஸ் சீலிங் அளவெடுக்க அந்தப் பல் கிளினிக்குக்குப் போனேன். இன்வெர்ட்டரும் செத்து, தொட்டிக்குக் காற்று விடும் பம்பும் நின்றுவிட்டது. அண்ணன் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். மொள்வதும் ஊற்றுவதும்... காலை பத்து மணியிலிருந்து இதே வேலை என்றார் ரிசப்ஷன் பெண். அப்போது மணி மூன்று.

"விடுங்கண்ணா. மீன்தானே, வேற வாங்கிக்கலாம்."

திரும்பவில்லை. "வேற வாங்கலாம் மேடம். இதுக்கு இப்பதான மூச்சு வேணும்."

மக்கை வாங்கி நானும் ஊற்றினேன். இருபது நிமிடத்தில் கை கழன்றுவிடும் போலிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ரிசப்ஷன் பெண் டீ குடிக்கப் போயிருந்தாள், அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அப்போதாவது கேட்டிருக்கலாம் மன்னிப்பு.

கேட்கவில்லை.

2008-இல் கோயமுத்தூர் வந்துவிட்டோம். கிளம்பும்போது அவரிடம் சொல்லக்கூட இல்லை.

கார்பெண்டரிடம் நம்பர் வாங்கி மதியம் அண்ணன் மனைவியைக் கூப்பிட்டேன். அண்ணனுக்கு மூன்று வருடமாக டயாலிசிஸாம். என் பேரைச் சொன்னேன். யோசித்துப் பார்த்தார்.

"அவரு உங்களப் பத்தி ஒண்ணும் சொன்னதில்லையேம்மா... கடைல மீன் வாங்கினவங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

போன் செய்ததற்கு நன்றி என்று அவர்தான் சொன்னார்.

போய் வாருங்கள், செல்வின் அண்ணா.