பதினேழாம் நம்பர் பேரல்

மூக்கண்டப்பள்ளியில் உலோகத்துக்கு முலாம் பூசும் எங்கள் பிளேட்டிங் கம்பெனிக்குப் பெருக்க வந்தவள் முனிலட்சுமி. வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். பத்து வருஷத்தில் கழிவுக் கொட்டகையின் சாவி அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. கெமிக்கல் வந்த காலி பேரல்கள் அங்கேதான் அடையும். ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்டில் நம்பர் போடுவாள். அழிக்கும் இடத்திலிருந்து சீல் வைத்த தாள் திரும்பி வரும்வரை அந்த நம்பரை விடமாட்டாள். "பேரலுக்குக் கருமாதி முடிஞ்ச சீட்டு வந்தாத்தான் எனக்குத் தூக்கம்" என்பாள். நாங்கள் சிரிப்போம்.

போன தை மாதம், பேரல் ஏற்ற லாரி வந்து நின்ற காலை. நாற்பத்து மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு. பதினேழைக் காணோம்.

"ஒண்ணுதானே முனிமா? நாப்பத்திரெண்டுன்னு எழுதிடலாம்" என்றார் சூப்பர்வைசர் மெல்வின்.

"எழுதலாம் சார். அதுல தண்ணி புடிச்சுக் குடிக்கிறவன் செத்தா, அதை எந்த நோட்டுல எழுதுவீங்க?"

அவர் பேனாவை மூடினார். அவள் நேராக, கம்பெனிக்கு நான் ஓட்டும் டெம்போவுக்கு வந்தாள். அதன் தளத்தில் சிவப்பாக ஒரு தீற்றல்.

"ஆஞ்சப்பண்ணா, மங்கிப்போச்சுன்னு நேத்து சாயங்காலம்தான் பதினேழுக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சேன். காயறதுக்குள்ள உன் வண்டியில ஏறிடுச்சா? எங்க?"

பொய் வரவில்லை. "வேப்பனப்பள்ளி கோவிந்தப்பன் வீட்ல இன்னிக்குக் கல்யாணம். தண்ணிக்குப் பேரல் கேட்டான். புளி போட்டு மூணு தடவை கழுவித்தான் குடுத்தேன்."

"உன் புளிக்கு அந்த விஷம் போகுமா? ஏறு வண்டியில!"

வழியெல்லாம் போன் போட்டேன். மேளச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை.

பந்தலுக்குப் பின்னால் பேரல் விளிம்புவரை தண்ணீரோடு நின்றது. உலைக்கு முதல் குடத்தை முக்கப் போன சமையல்காரரின் கையிலிருந்து முனிலட்சுமி குடத்தைப் பிடுங்கினாள்.

"யாராச்சும் குடிச்சீங்களா?"

"இப்பதாம்மா ரொப்பினோம். யாரு நீ?"

பேரலைக் கவிழ்க்க நான் காலைத் தூக்கினேன். சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கொட்டாத! பத்தடியில கெணறு. பேரல்ல இருந்த விஷம் இப்ப தண்ணியில. தண்ணியும் நம்மகூட வரணும்."

கோவிந்தப்பன் கொதித்துப்போய் ஓடி வந்தான். "கல்யாண வீட்ல தண்ணியத் தூக்குறியா நீ?"

"உள்ள என்ன இருந்துச்சுன்னு ஆஞ்சப்பண்ணனைக் கேளுங்க."

சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. வேட்டியை மடித்துக் கட்டினான். மூடியை இறுக்கி, மாப்பிள்ளை வீட்டாரும் கை கொடுக்க, இருநூறு லிட்டரோடு டெம்போவில் ஏற்றினோம். சமையலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் வந்தது. மேளக்காரர் குறும்பாக ஒரு தட்டு தட்டினார்.

"எனக்கு முன்னாடி பேரல் வீட்டை விட்டுக் கெளம்புதே!" என்றாள் மணப்பெண் சௌமியா. பந்தலே சிரித்தது.

கம்பெனியில் லாரி காத்திருந்தது. தண்ணீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போனது, பதினேழு லாரியில் ஏறியது. மெல்வின் பேனாவை நீட்டினார்: "நீயே எழுது முனிமா." கோணல்மாணலாக, பெரிசாக, நாற்பத்து மூன்று என்று போட்டாள்.

அடுத்து அவர் என் பக்கம் திரும்பினார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"இருக்கட்டும் சார். எனக்கு ஓட்டை போட ஆள் வேணும்" என்றாள்.

அன்றிலிருந்து, பேரலைக் கழுவி முடித்ததும் அதன் வயிற்றில் ஓட்டை போடுவது என் வேலை. இனி எந்தக் கல்யாண வீட்டுக்கும் அது உதவாது. ஓட்டை சிறுசாக இருந்தால் திட்டு விழும், கன்னடத்தில்.