ஜெயசீலி அக்கா ஒட்டிய சிவப்பு அம்புகள்

ஜெயசீலி அக்கா இறந்துவிட்டார் என்று கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தபோது நான் உடனே அழவில்லை. அனுப்பியவரைக் கூப்பிட்டு, உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் இன்னொருவர் பெயரைச் சொன்னார். அந்த இன்னொருவரும் யாரோ அனுப்பிய குறுஞ்செய்தியைத்தான் பார்த்திருந்தார். கடைசியில், திருச்செந்தூர் பக்கத்தில் இருக்கும் அக்காவின் தம்பி வீட்டுக்கே பேசினேன். விடுமுறைக்கு அக்கா அங்கேதான் போயிருந்தார். "ஆமாம்மா. காலைல நெஞ்சு வலிக்குன்னு சொன்னா. ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சிட்டு," என்றார் தம்பி. அதன் பிறகுதான் அழுகை வந்தது. ஒரு செய்தியை அதன் மூலம்வரை தேடிப் போகாமல் நம்பாதே என்று எனக்குப் பழக்கியவரே அக்காதான். அந்தப் பழக்கம் அவருடைய சாவுச் செய்தியிலும் என்னை விடவில்லை.

நம் இணையதளத்தைப் படிக்கும் உங்களில் பலர் அக்காவை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். கட்டுரைகளின் அடியில் 'சரிபார்த்தவர்: ஜெயசீலி' என்று இருக்கும் வரியில்தான் அவரை அறிவீர்கள். எங்கள் அலுவலகம் பல்லடம் சாலையில், பொன்னுசாமி அண்ணனின் பனியன் கம்பெனிக்கு மேல்மாடியில் இருக்கிறது. அண்ணனுக்குச் சர்க்கரை நோய் வந்தபோது, என்ன சாப்பிடலாம் என்று தமிழில் தேடியிருக்கிறார். ஒன்றும் உருப்படியாகக் கிடைக்காததால் தானே ஒரு தளத்தைத் தொடங்கிவிட்டார். கோவையில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்த ஜெயசீலி அக்கா அதற்குப் பொறுப்பேற்றார்.

செய்தி வந்த அன்றே அண்ணன் கம்பெனி வாசலில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார். அக்காவின் படத்துக்குக் கீழே, 'ஒரு பிழையும் செய்யாத உத்தமி' என்று போட்டிருந்தது. அக்கா உயிரோடு இருந்தால் அதை அனுமதித்திருக்க மாட்டார். அந்த வரியைச் சரிபார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் கையில் உணவியல் பட்டம் இருந்தது; வாயில் பேச்சு இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அவிநாசிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மூலையில் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போவேன். என் முதல் கட்டுரை முருங்கைக்கீரையைப் பற்றியது. பாலைவிட அதில் பல மடங்கு சுண்ணாம்புச்சத்து உண்டு என்று எழுதி, ஆதாரமாக மூன்று இணையதளங்களைக் காட்டியிருந்தேன். அக்கா மூன்றையும் திறந்து பார்த்தார். மூன்றிலும் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை.

"மூணு பேரு சொல்லலட்டி இத. ஒருத்தி சொன்னத மூணு பேரு கேட்டிருக்காவ," என்றார்.

பிறகு இருவருமாக முதல் ஆதாரத்தைத் தேடிப் பிடித்தோம். அந்தக் கணக்கு காய்ந்த கீரைப் பொடிக்கானது. நாம் தின்பதோ பச்சைக்கீரை. பொடியாகத் தின்றாலும் ஒரு சிட்டிகைதான் தின்கிறோம். பாலை டம்ளரில் குடிக்கிறோம். அரசு வெளியிட்ட சத்து அட்டவணையை வைத்து, ஒரு வேளைக்கு ஒரு ஆள் தின்னும் அளவைக் கொண்டு அந்தப் பத்தியைத் திரும்ப எழுதினேன். முருங்கைக்கு ஒரு குறையும் வரவில்லை. நல்ல கீரைதான். பல மடங்கு என்ற பெருமை மட்டும் போய்விட்டது.

அக்காவிடம் ஓர் ஆயுதம் இருந்தது. கீழே செக்கிங் டேபிளில், துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டச் சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதை அட்டை அட்டையாக வாங்கிவந்து வைத்திருப்பார். அச்செடுத்த கட்டுரையில் ஆதாரமில்லாத வரி எதுவோ, அதன் பக்கத்தில் ஓர் அம்பு விழும். ஆய்வு ஆட்களுக்கு நடந்ததா எலிகளுக்கு நடந்ததா, அதற்குப் பணம் கொடுத்தது யார் என்று சொல்லாவிட்டால் அதற்கும் அம்பு. எழுதியவர் தன் கட்டுரையைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பதும் விதி. நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஒருநாள் ஓர் அட்டையை என் மேசையில் போட்டார். "பேச வரலன்னா ஒட்டுட்டி. அம்பு கூச்சப்படாது," என்றார். அன்றிலிருந்து நானும் அந்த அலுவலகத்தில் பேச ஆரம்பித்தேன் என்றே சொல்லலாம்.

இனி பிழைக்கு வருகிறேன். நம் தளத்தில் மிக அதிகம் பேர் படித்தது வெந்தயத்தைப் பற்றிய கட்டுரை. நான் சேருவதற்கு முன் அக்காவே எழுதியது. பலர் அதை அச்செடுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் ஒரு சத்துமாவுக் கம்பெனி, வருடம் முழுக்க விளம்பரம் தருவதாகச் சொன்னது. அது வந்தால் தளம் சொந்தக் காலில் நிற்கும் என்ற நிலை. பொன்னுசாமி அண்ணன் அந்தச் செய்தியோடு மாடியேறி வந்தார்.

"எல்லாம் உங்க வெந்தயந்தானுங்க மேடம். நானே மாத்திரையக் கடாசிப்போட்டு வெந்தயத் தண்ணிதானுங்க குடிக்கறன்," என்றார்.

அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "மாத்திரைய நிறுத்தணும்னு நான் எங்க எழுதியிருக்கேன் அண்ணாச்சி?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். அக்கா அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அண்ணன் சிரிப்பார். அன்றும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "சக்கரையக் கொறைக்க உதவும்னு போட்டிருக்கறீங்களேங்க. அதுவே கொறைக்கும்னா மாத்திரை எதுக்குங்க?"

அவரைக் கையோடு தெருமுனைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அக்கா அந்தக் கட்டுரையை அச்செடுத்தார். வரி வரியாகப் படித்தார். எல்லா வரிக்கும் ஆதாரம் இருந்தது. ஓர் அம்புகூட ஒட்ட இடமில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒவ்வொரு வரியும் சரி. கட்டுரை தப்பு," என்றார். பிறகு தலைப்புக்கு மேலேயே ஓர் அம்பை ஒட்டினார்.

அண்ணன் திரும்பி வந்தபோது அவர் முகத்திலேயே பரிசோதனை முடிவு தெரிந்தது. மருத்துவரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு மாத்திரைக்குத் திரும்பினார். ஆனால் கட்டுரையை என்ன செய்வது என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. பக்கத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில், தன் பெயரோடு திருத்தம் போட வேண்டும் என்றார் அக்கா. விளம்பரக்காரர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தானே வருகிறார் என்று அண்ணன் தயங்கினார்.

"சத்தமில்லாம கீழ ஒரு வரி சேத்து உட்டுருங்க மேடம். ஆரு பாக்கப் போறாங்க?"

"இனிமே படிக்கிறவியளுக்கு அது போதும் அண்ணாச்சி. ஏற்கெனவே படிச்சிட்டு மாத்திரைய நிறுத்துனவிய திரும்பி வந்து கீழ் வரியப் பாப்பாவளா?"

"அது ஷிப்மென்ட் போன சரக்கு மாதிரிங்களே. இனி என்னங்க பண்ண முடியும்?"

"போன பீஸுல ஒடஞ்ச ஊசி இருக்குன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவிய?"

அண்ணனின் கம்பெனியில் குழந்தைகளின் உடுப்புதான் தைக்கிறார்கள். ஓர் ஊசி உடைந்தால், அதன் துண்டுகளெல்லாம் கிடைத்து, சேர்த்துவைத்து, முழு ஊசி என்று உறுதியாகும்வரை அந்த மெஷின் ஓடாது. ஒரு துண்டு கிடைக்காமல் மொத்தத் தையல் வரிசையையும் நிறுத்திவைத்த ஆள் அவர். ஜன்னல் பக்கம் போனார். "போன சரக்கத் திருப்பிக் கூப்புடோணும்ங்க," என்றார்.

ஆனாலும் அக்காவின் பெயர் கெடக் கூடாது என்று, 'ஆசிரியர் குழு' என்று பொதுவாகப் போட்டுக்கொள்ளலாமே என்றார். அக்கா அதற்கும் இணங்கவில்லை. கட்டுரைக்கு மட்டும் பெயர் வேண்டும், தவறுக்கு வேண்டாமா என்று கேட்டார். அன்று மாலையே திருத்தம் ஏறியது: 'வெந்தயம் மாத்திரைக்கு மாற்று அல்ல. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதை முதலிலேயே சொல்லாதது என் தவறு. ஜெயசீலி.' அச்செடுத்துக் கொடுத்தவர்கள் இதையும் அச்செடுத்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார்.

விளம்பரம் வரவில்லை. ஆனால் கடிதங்கள் வந்தன. நானும் நிறுத்தியிருந்தேன், இப்போது மருத்துவரிடம் போனேன் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். அண்ணன் அவற்றை வாசித்துவிட்டு, தளத்தின் செலவைத் தானே தொடர்ந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

அதற்குப் பிறகுதான் எங்கள் வேலையில் கடைசிப் படி ஒன்று சேர்ந்தது. சரிபார்த்து முடித்த கட்டுரையை, அதைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவருக்குப் படித்துக் காட்டவேண்டும். பிறகு ஒரே கேள்வி: "நாளைக்குக் காலைல என்ன செய்விய?" அவர் சொல்லும் பதில் தவறாக இருந்தால் கட்டுரை தவறு. ரத்தசோகையைப் பற்றி நான் எழுதியதை, செக்கிங் வேலைக்குப் போகும் என் அம்மாவையே வரவழைத்துக் கேட்கவைத்தார் அக்கா. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கீரை திங்கோணும். சத்து மாத்திரையத் தின்னுபோட்டு, சூடா ஒரு டீ குடிச்சாத் தெம்பா இருக்குமுங்க," என்றார். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்று நான் கட்டுரையின் நடுவில் எங்கோ எழுதியிருந்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவிடமே ஓர் அம்பைக் கொடுத்து என் தாளில் ஒட்டச் சொன்னார். அந்த வரி இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கிறது.

அடக்கத்துக்கு நானும் அண்ணனும் போய்வந்தோம். திரும்பியதும் என் பையிலிருந்த அட்டையை எடுத்து, பேனரில் 'ஒரு பிழையும் செய்யாத' என்ற இடத்தில் ஓர் அம்பை ஒட்டினேன். மறுநாள் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வாட்ச்மேனை விசாரித்துக்கொண்டிருந்தார். அம்பு கூச்சப்படாதுதான், ஆனால் அன்று நானே பேசவேண்டியிருந்தது.

"நான்தானுங்க ஒட்டினேன். அக்கா ஒரு பிழை செஞ்சாங்க. அது அவங்க பேரோட நம்ம சைட்டுல இன்னும் இருக்குதுங்க," என்றேன்.

அண்ணன் வாட்ச்மேனைப் போகச் சொன்னார். "எனக்குத் தெரியாதா கண்ணு? அந்தப் பிழையத் தின்னவனே நான்தான," என்றார். மதியத்துக்குள் புதிய பேனர் வந்தது. அதில் 'தன் பிழையைத் தன் பெயரோடு எழுதியவர்' என்று இருந்தது.

அக்காவின் இழுப்பறையில் மிச்சமிருந்த அம்பு அட்டைகளை நான் எடுத்துக்கொண்டேன். அவருடைய கேள்வியையும் வைத்துக்கொண்டேன். இதை வெளியிடுமுன் நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும், நாளைக்குக் காலையில் என்னம்மா செய்வீங்க என்று கேட்டேன்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சத்து மாத்திரையத் தின்னுபோட்டு, டீய ரெண்டு மணி நேரங் கழிச்சுத்தான் குடிக்கறேன் கண்ணு," என்றார்.

ஒட்டுவதற்கு அம்பு எதையும் எடுக்கவில்லை. கட்டுரையை ஏற்றிவிட்டேன்.