அரைக்காதும் அக்காவின் ஈரல் கட்டியும்

என் அத்தானுக்கு, அவர் வேலை பார்க்கும் மரச்சாமான் கடையில் அரைக்காது என்று பெயர். செவிடெல்லாம் இல்லை. எதிராளி பேச்சில் தனக்குப் பிடித்த பாதி காதில் விழுந்ததும் எழுந்து போய்விடுவார். "சோபா எடுத்துக்கிறோம், ஆனா பச்சை வேண்டாம்" என்றவர் வீட்டில் பச்சை சோபாவை இறக்கிய மகானுபாவர் அவர்.

அக்காவின் ஈரலில் கட்டி என்று தெரிந்ததும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கையில் மருந்தேற்றி, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று குழாய்க்குள் அவளைப் பாடாய்ப் படுத்தினார்கள். அவள் உடை மாற்றுவதற்குள் ஸ்கேன் டாக்டர் அத்தானைக் கூப்பிட்டார்.

"இது புற்றுநோய் இல்லை. அபூர்வமா வர்ற சாதாரணக் கட்டிதான். ஆனா..."

அத்தான் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். அப்புறம் எந்த டாக்டரிடமும் அவளைப் போகவிடவில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பிலிமை டியூப்லைட்டில் தலைகீழாகப் பிடித்து, "இதான் கட்டி. பரம சாது" என்று விளக்கம் வேறு. அவர் விரல் வைத்தது இரைப்பை.

கேட்காமல் விட்ட மிச்சம் இதுதான்: மாதவிடாய்க் கோளாறுக்கு அக்கா சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும். அதனால்தான் கட்டி வளர்கிறது. வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். அந்த மாத்திரையை மாதாமாதம் மறக்காமல் வாங்கிவந்தது யார்? இந்தக் கடமை வீரர்தான்.

ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது, ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த அக்கா வயிற்றைப் பிடித்தபடி சரிந்தாள். முகம் வெளுத்து, வியர்வை ஆறாய் ஓடியது.

"கேஸ்தான். சோடா குடிச்சா சரியாயிடும்" என்றார் அத்தான்.

கேஸாம் கேஸ்! அவரைத் தள்ளிவிட்டு அக்காவைக் காரில் ஏற்றினேன். அவசர ஸ்கேனில் ஈரலைச் சுற்றி ரத்தம். தொடை வழியே மெல்லிய குழாய் விட்டு, கசிந்த ரத்தக்குழாயை அடைத்தார்கள்.

"கூப்பிடக் கூப்பிடப் போனீங்களே சார்!" என்றார் அதே ஸ்கேன் டாக்டர். மாத்திரை விஷயம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு அத்தானை அறையலாம் போல இருந்தது.

மறுநாள் அக்கா கண் விழித்ததும் டாக்டர் கட்டிலருகே வந்தார்.

"உயிருக்கு ஆபத்து நீங்கிடுச்சு. ஆனா..."

கதவருகே அத்தானின் குரல். போன் காதில். "ஒண்ணுமில்லையாம்ப்பா!"

சட்டையைப் பிடித்து இழுத்துவரப் பாய்ந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுடி, போகட்டும். கதவைச் சாத்திட்டு வா." பிறகு டாக்டரைப் பார்த்தாள். "இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க டாக்டர். முழுசா சொல்லுங்க."